மீன்கண் பனோரமாவும் படக் கூர்மையும்: ஒரு வரலாறு

மீன்கண் வில்லை என்பது ஏறத்தாழ 180 பாகை அகலமுள்ள காட்சியை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரும் ஒளிப்பட வில்லையாகும். ஓர் இடத்தைச் சுற்றிலும் 360 பாகையும், தலைக்கு மேலுள்ள உச்சியும், காலடித் தரையும் விடுபடாமல் காட்டும் கோளப் பனோரமாக்கள் பெரும்பாலும் இவ்வகை வில்லையைக் கொண்டே எடுக்கப்படுகின்றன. இவ்வில்லையைப் பயன்படுத்தத் தொடங்குவோர் சந்திக்கும் முதல் ஏமாற்றம் மங்கல். சிறிய அளவில் பார்க்கும்போது படம் தெளிவாக இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் பெயர்ப்பலகையின் எழுத்துகள் கரைந்து, விளிம்புகளில் ஊதாவும் பச்சையும் கசிந்து நிற்கும்.

இதற்குக் கேமராவின் தரம் மட்டும் காரணமன்று. சாதாரண வில்லை ஒரு வாசலை மட்டும் படமாக்கப் பயன்படுத்தும் அதே பிலிம் பரப்பில், மீன்கண் வில்லை வாசலையும் சுவரையும் கூரையையும் தரையையும் சேர்த்து அடைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கிடைக்கும் இடம் குறைகிறது. எல்லாவற்றையும் ஒருங்கே காண்பதற்கும் எதையேனும் தெளிவாகக் காண்பதற்கும் இடையிலான இந்த இழுபறியே மீன்கண் ஒளிப்படத்தின் நூறாண்டு வரலாறு. ஒரு காலத்தில் தடை நீரில் இருந்தது. பின்னர் கண்ணாடிக்கும், அதன்பின் எண்ணிமக் கேமராவின் பிக்சல்களுக்கும் மாறியது. இன்றைய கூர்மையான பனோரமாக்கள் நல்ல வில்லைகளால் மட்டும் கிடைத்தவையல்ல. காட்சியைப் பல பங்காக எடுத்து, ஒவ்வொரு பங்கின் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையும், அம்முறைக்குத் தேவையான கணக்கைப் பொதுவில் வைத்த ஒரு மென்பொருளும் அதற்குக் காரணங்களாகும்.

நீர்வாளியில் பிறந்த பெயர்

'மீன்கண்' என்ற சொல்லை ஒளிப்படத்துறைக்குத் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர், நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்பதை அறிய விரும்பினார். காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி வளைகிறது. தொடுவானத்திலிருந்து கிட்டத்தட்டக் கிடையாக வரும் கதிர்கூட நீருக்குள் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 48.6 பாகைக்கு மேல் சாய்வதில்லை. ஆகவே நீருக்கு மேலுள்ள 180 பாகை உலகம் முழுவதும், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரியும்.

வுட் இதை ஒரு வாளியைக் கொண்டு செய்து பார்த்தார். வாளியின் அடியில் ஒளிப்படத் தகடும், பாதி உயரத்தில் மிகச் சிறிய துளையுடன் கூடிய குறுங்குவிய வில்லையும் வைக்கப்பட்டன. வாளியில் நீர் நிரப்பி, அலை எழாதிருக்க மேலே கண்ணாடித் தகடு மூடப்பட்டது. பின்னர் வில்லையே இல்லாமல், நீர்த்தொட்டியின் பக்கச் சுவரில் இட்ட ஊசித்துளையால் கிடைமட்டமாகப் படமெடுக்கும் கருவியையும், எடுத்துச் செல்ல எளிதான, நீர் கசியாத பித்தளைக் கருவியையும் அமைத்தார். 1906-ஆம் ஆண்டு இவற்றைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். வானம் முழுவதையும் பதிவு செய்வதால், சூரிய ஒளியை நாள்தோறும் பதியும் கருவியாக இது பயன்படலாம் என்றும் அதில் குறிப்பிட்டார்.

வுட்டின் படங்களில் கூர்மைக்குக் கொடுத்த விலை வெளிச்சம். துளை சிறிதாக இருந்தால்தான் உருவம் ஓரளவு தெளியும். சிறிய துளையால் தகட்டில் விழும் ஒளி மிகக் குறையும். நெடுநேரம் ஒளி விழவிட வேண்டும். அதற்குள் மேகம் நகர்ந்துவிடும். அசையாப் பொருளுக்கு மட்டுமே இக்கருவி பொருந்தியது.

மேகங்களுக்காக ஒரு வில்லை

அடுத்த படி வானிலை ஆய்வின் தேவையால் நிகழ்ந்தது. பிரிட்டனைச் சேர்ந்த வி. நோ. பாண்ட் 1922-இல் நீர்த்தொட்டிக்குப் பதிலாக அரைக்கோள வடிவக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். நீர் செய்த வேலையைக் கண்ணாடி செய்தது, கருவி கையடக்கமானது. ஆயினும் அதன் துளை அளவு ஏறத்தாழ எஃப்/50 மட்டுமே. நிறப்பிறழ்ச்சிக்கு அதில் எந்தத் திருத்தமும் இல்லை. உருவம் வளைந்த பரப்பில் குவிய, பதிவு செய்யும் தகடோ தட்டையாக இருந்தது. ஆகவே நடுவில் தெளிவு கிடைத்தால் ஓரத்தில் மங்கும்.

முழு வானத்தையும் பயன்படக்கூடிய தரத்தில் பதித்த முதல் வில்லை கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராபின் ஹில்லுடையது. ஒளிச்சேர்க்கையில் 'ஹில் வினை' என்று பாடநூல்களில் வரும் பெயருக்கு உரிய உயிர்வேதியியலாளரும் இவரே. லண்டனின் ஆர். அண்ட் ஜே. பெக் நிறுவனத்துடன் சேர்ந்து இவர் வடிவமைத்த வில்லைக்கு 1923 டிசம்பரில் காப்புரிமை பதியப்பட்டது. அதைப் பற்றிய கட்டுரை 1924-இல் வெளிவந்தது. மூன்று கண்ணாடிகள் கொண்ட இவ்வில்லையின் முன்னால் பிறைவடிவமுள்ள பெரிய விரிவில்லை ஒன்று இருந்தது. ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் கதிர்களை அது முதலில் மடக்கி உள்ளே அனுப்பும்; பின்னுள்ள கண்ணாடிகள் அவற்றைத் தட்டையான தகட்டில் குவிக்கும். இன்று விற்கப்படும் மீன்கண் வில்லைகளின் முன்கண்ணாடி குமிழ்போல் புடைத்திருப்பது இந்த அமைப்பின் தொடர்ச்சியே.

ஹில்லின் வில்லைகள் பெரும்பாலும் 500 மீட்டர் இடைவெளியில் இரண்டாக வைக்கப்பட்டன. இரு படங்களையும் ஒப்பிட்டு மேகத்தின் உயரத்தைக் கணக்கிட்டனர். கூர்மை இங்கு அழகுக்காகத் தேவைப்படவில்லை. மேகத்தின் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால் அளவீடே தவறிப்போகும். நீல வானத்திலிருந்து மேகத்தைப் பிரித்துக் காட்டச் சிவப்பு வடிகட்டி பொருத்தினர். ஒளியின் நிறங்களை ஒரு சிறு பட்டைக்குள் அடக்குவதால், நிறப்பிறழ்ச்சியால் வரும் மங்கலையும் வடிகட்டி குறைத்தது.

அரைக்கோளத்தைத் தட்டையான தகட்டில் எந்தக் கணக்கில் பரப்புவது என்பதையும் ஹில் ஆராய்ந்தார். உருளையான பூமியைத் தாளில் வரைவோர் சந்திக்கும் அதே சிக்கல் இது. ஏதேனும் ஒன்று கோணாமல் இருக்க வேண்டுமானால் வேறொன்று கோணியே தீரும். அவர் எடுத்துக்கொண்ட முறைகளில், நடுவிலிருந்து உள்ள கோணத்துக்கு நேர்விகிதமாகத் தொலைவு கூடும் சமதொலைவு முறை பின்னர் பெரும் பயன் தந்தது. எந்தப் புள்ளி எந்தத் திசையில் இருந்தது என்று படத்திலிருந்தே திரும்பக் கணக்கிட அது இடம் தந்தது.

மேகத்துக்காகப் பிறந்த வில்லை காட்டுக்கும் சென்றது. மரக்கிளைகளுக்கு இடையே எவ்வளவு வெளிச்சம் தரைக்கு வருகிறது என்பதை அறிய, ஹில்லின் வில்லையைக் கொண்டு காட்டின் மேற்கவிகையைக் கீழிருந்து படமெடுக்கும் முறையை எவன்ஸ், கூம் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-இல் வெளியிட்டனர். இங்கும் இலையின் விளிம்பு மங்கினால், இலை எது, வானம் எது என்ற கணக்கு பிழையாகிவிடும்.

ஜெர்மனியும் ஜப்பானும்

ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1932-இல் ஐந்து கண்ணாடிகள் கொண்ட மேம்பட்ட வில்லைக்குக் காப்புரிமை கோரியது. அதை வடிவமைத்தவர் ஹான்ஸ் ஷுல்ஸ். முன்னால் ஒன்றுக்குப் பதில் இரண்டு விரிவில்லைகள் வைக்கப்பட்டதால் கதிர்கள் ஒரே இடத்தில் திடீரென மடங்காமல் படிப்படியாக மடங்கின. பின்பகுதியில் இருவகைக் கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வில்லை நிறப்பிறழ்ச்சியைக் குறைத்தது. 17 மி.மீ. குவியத் தூரத்தில் எஃப்/6.3 அளவுக்குத் துளையைத் திறக்க முடிந்தது.

1938-இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ராபர்ட் ரிக்டர் 'பிளியான்' என்ற வில்லைக்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ 130 பாகை காணும் இவ்வில்லை இரண்டாம் உலகப்போரில் வான்வழி வேவுக்குப் பயன்பட்டது. வளைந்து பதிந்த நெகட்டிவ்களை நேராக்கி அச்சிடுவதற்கென்றே தனிப் பெருக்கிக் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். கோணலாக எடுத்துவிட்டுப் பின்னர் கணக்குப்படி நேராக்கும் இந்த உத்தியே அறுபது ஆண்டுகளுக்குப் பின் கணினியில் மறுபிறவி எடுத்தது.

அதே 1938-இல் இன்று நிக்கான் எனப்படும் நிப்பான் கோகாகு நிறுவனம் ஏ.இ.ஜி. வடிவத்தை ஒட்டி 16 மி.மீ. எஃப்/8 மீன்கண் வில்லையைச் செய்தது. 1962-இல் அந்நிறுவனம் வெளியிட்ட 8 மி.மீ. எஃப்/8 வில்லை, 35 மி.மீ. பிலிம் கேமராவில் மாற்றிப் பொருத்தக்கூடிய மீன்கண் வில்லையைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்பகுதி கேமராவுக்குள் ஆழமாக நீண்டதால், உள்ளிருக்கும் கண்ணாடியைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் படமெடுக்க முடியும். காட்சியைப் பார்க்கத் தனி நோக்கி தேவைப்பட்டது.

எண்களைப் பார்த்தால் அக்காலச் சிக்கல் விளங்கும். 8 மி.மீ. வில்லையில் 180 பாகை உலகம், பிலிமில் ஏறத்தாழ 24 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்கியது. ஒரு பாகைக்குக் கிடைத்த இடம் 0.13 மி.மீ. மட்டுமே. எவ்வளவு நல்ல வில்லையானாலும் பிலிமின் துகள்கள் அந்த இடத்துக்குள் அதிக விவரத்தை ஏற்கவில்லை. பெரிய பிலிம் தாளைப் பயன்படுத்தலாம். அப்போது வில்லையும் பெரிதாகும், விலையும் ஏறும். ஆகவே பல்லாண்டுகள் மீன்கண் படம் என்பது ஆய்வகக் கருவியாகவோ, விளம்பரங்களில் வியப்பூட்டும் வட்டப் படமாகவோ மட்டுமே இருந்தது.

ஓரம் ஏன் மங்குகிறது

மீன்கண் வில்லையின் நடுப்பகுதி பொதுவாகக் கூர்மையாகவே இருக்கும். ஓரத்துக்குப் போகப்போகத் தரம் குறையப் பல காரணங்கள் சேர்கின்றன.

முதலாவது பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி. கண்ணாடி சிவப்பைவிட நீலத்தை அதிகமாக வளைக்கும். கதிர் எவ்வளவு சாய்ந்து நுழைகிறதோ அவ்வளவுக்கு நிறங்கள் பிரியும். இதனால் சிவப்பு, பச்சை, நீல உருவங்கள் மூன்றும் சற்றே வெவ்வேறு அளவில் பதியும். நடுவில் வேறுபாடு தெரியாது. ஓரத்தில் கம்பிகளையும் இலைகளையும் சுற்றி நிறக்கோடுகளாகத் தெரியும்.

இரண்டாவது குவியப் பரப்பின் வளைவு. தட்டையான பிலிமிலோ உணரியிலோ நடுவையும் ஓரத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாகக் குவிப்பது கடினம்.

மூன்றாவது எதிரொளிப்பு. 180 பாகை காணும் வில்லையின் பார்வைக்குள் சூரியனோ விளக்கோ எப்போதும் இருக்கும். கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே சிதறும் ஒளி கறுப்பைச் சாம்பலாக்கும். ஒளிவேறுபாடு குறைந்த படம், உண்மையில் விவரங்கள் இருந்தாலும், கண்ணுக்கு மங்கலாகவே தோன்றும். 1971-இல் அசாகி பென்டாக்ஸ் அறிமுகம் செய்தது போன்ற பல்லடுக்குப் பூச்சுகள் இதைப் பெருமளவு குறைத்தன.

இரண்டு படங்களில் ஓர் உலகம்

1990-களில் கணினித் திரை பனோரமாவுக்குப் புதிய வீடாயிற்று. ஆப்பிள் நிறுவனத்தின் குவிக்டைம் விஆர், பார்ப்பவர் சுட்டியை இழுத்துத் தாம் விரும்பிய திசையைப் பார்க்க வழி செய்தது. தொடக்கத்தில் அது உருளை வடிவப் பனோரமாக்களையே காட்டியது. உச்சியும் தரையும் அவற்றில் இல்லை. 2001-இல் வந்த குவிக்டைம் 5 கனசதுர வடிவப் பனோரமாக்களை ஏற்றபோது அக்குறை நீங்கியது.

அதற்கு முன்பே அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பின்னாளில் ஐபிக்ஸ் என அறியப்பட்ட நிறுவனம் வேறொரு வழியைக் கண்டிருந்தது. தொலைவிலிருந்து இயக்கும் எந்திரங்களுக்கான காட்சிக் கருவிகளைச் செய்துவந்த அந்நிறுவனம், மீன்கண் படத்தின் ஒரு பகுதியைக் கணினியில் நேராக்கிக் காட்டும் முறைக்கு 1993-இல் காப்புரிமை பெற்றது. அடுத்தடுத்து எதிரெதிர்த் திசைகளில் இரண்டு மீன்கண் படங்கள் எடுத்தால் போதும். இரு அரைக்கோளங்களையும் இணைத்தால் முழு உலகம். வீட்டு விற்பனை விளம்பரங்களுக்கு இந்த எளிமை ஏற்றதாயிருந்தது.

ஆனால் கூர்மை? அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்டது நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவும் அதன்மேல் திருகிப் பொருத்தும் 183 பாகை மீன்கண் இணைப்பும். 1999-இல் வந்த அக்கேமராவின் படம் 1600-க்கு 1200 பிக்சல். மீன்கண் வட்டம் முழுவதும் அதன் உயரத்துக்குள் அடங்க வேண்டும். 1200 பிக்சலை 183 பாகைக்குப் பங்கிட்டால் ஒரு பாகைக்கு ஆறரை பிக்சல்தான் கிடைக்கும். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் 90 பாகைக் காட்சியைப் பார்ப்பவருக்குப் பாகைக்கு 21 பிக்சல் தேவை. அதாவது தேவையானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொரு குறை எண்களில் தெரியாது. எதிரெதிராக இரண்டே படங்கள் எடுத்தால், அவை சந்திக்கும் இடம் ஒவ்வொரு படத்தின் நடுவிலிருந்தும் 90 பாகை தள்ளி, வட்டத்தின் கடைசி விளிம்பில் இருக்கும். வில்லையின் மிக மோசமான பகுதி தப்பாமல் பனோரமாவுக்குள் இடம்பெறும்.

டெர்ஷின் மென்பொருள்

இந்நிலையை மாற்றியவர் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தில் இயற்பியலும் கணிதமும் கற்பித்த பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ். 1998-இல் அவர் 'பனோரமா டூல்ஸ்' என்ற மென்பொருள் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். எத்தனை படங்களையும், எந்த வில்லையில் எடுத்திருந்தாலும், எந்தத் திசையில் எடுத்திருந்தாலும் அது இணைக்கும். பக்கத்துப் படங்களில் பொதுவாக உள்ள சில புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால், வில்லையின் காட்சிக் கோணத்தையும் கோணலையும் கேமரா திரும்பிய அளவையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

கூர்மையைப் பொறுத்தவரை அதன் மூன்று பண்புகள் முக்கியமானவை. முதலாவதாக, கோணலைத் திருத்துவது, திருப்புவது, இறுதி வடிவுக்கு மாற்றுவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே கணக்காக்கி, ஒவ்வொரு பிக்சலையும் ஒரே ஒரு முறை இடம் மாற்றியது. ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் சராசரி கலப்பதால் படம் சற்று மங்கும். முறைகள் குறைந்தால் மங்கலும் குறையும். இரண்டாவதாக, இடமாற்றத்துக்கான கணக்கு முறைகளிலும் அவர் கவனம் செலுத்தினார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பச் சிறு கோணத்தில் சுழற்றி, எம்முறையில் விவரம் அழியாமல் நிற்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டினார். மூன்றாவதாக, சிவப்பு, பச்சை, நீல உருவங்களைத் தனித்தனியே அளவு மாற்றி ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தவும் முடிந்தது. கண்ணாடியால் தீர்க்க முடியாத பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சியை இது எண்களால் தீர்த்தது.

மீன்கண் படங்களைக் கணினியில் நேராக்குவது தன் காப்புரிமைக்குள் வருவதாக ஐபிக்ஸ் நிறுவனம் கூறியது. அந்நிறுவனத்தின் சட்ட நெருக்கடியால் டெர்ஷ் 2001-இல் மென்பொருளை மேம்படுத்துவதை நிறுத்தினார். பிறர் சொல்லிக்கொடுத்த முறையில் இரண்டு படங்கள் எடுப்பதா, தேவையான அளவுக்குப் பல படங்கள் எடுத்துத் தாமே இணைப்பதா என்ற தேர்வு ஒளிப்படக்காரர்களிடமிருந்து பறிபோகும் நிலை அப்போது உருவானது.

ஆனால் மென்பொருளின் நிரல் ஏற்கெனவே பொது உரிமத்தில் பலர் கையில் இருந்தது. நெதர்லாந்தில் அதற்கு எளிய முகப்பாகத் தொடங்கிய பிடிகுய், பின்னர் முழுமையான வணிக மென்பொருளாக வளர்ந்தது. 2003-இல் பாப்லோ டி ஆஞ்செலோ தொடங்கிய ஹுகின் கட்டற்ற மென்பொருளாகவே நீடிக்கிறது. டெர்ஷின் அடிப்படை நிரலைத் தன்னார்வலர்கள் தொடர்ந்து பேணினர். ஐபிக்ஸ் நிறுவனம் 2006-இல் திவாலானது.

இதே காலத்தில் வேறு இரு ஆய்வுகளும் துணைக்கு வந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட முறை, இரு படங்களில் உள்ள பொதுப் புள்ளிகளைக் கணினியே கண்டுபிடிக்க வழி செய்தது. பர்ட், ஏடல்சன் இருவரும் 1983-இலேயே வெளியிட்டிருந்த கலவை முறையை 'என்பிளெண்ட்' என்ற மென்பொருள் கையாண்டது. இரு படங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தை வெறுமனே சராசரி எடுத்தால் நுண்விவரங்கள் இரட்டையாகி மங்கும். இம்முறையோ வெளிச்சத்தையும் நிறத்தையும் அகலமாகக் கலந்து, நுண்விவரங்களை மட்டும் குறுகிய கோட்டில் மாற்றியது.

நடுப்பகுதியை வைத்துக்கொள்ளும் முறை

பல படங்களை இணைப்பது எளிதானதும் பழைய இழுபறிக்கு ஒரு புதிய விடை கிடைத்தது. சுற்றிலும் எடுக்கும் படங்களின் எண்ணிக்கை கூடக்கூட, இணைப்புக் கோடு ஒவ்வொரு படத்தின் நடுவை நோக்கி நகரும். இரண்டு படங்களில் 90 பாகையில் இருந்த கோடு, மூன்றில் 60 பாகைக்கும், நான்கில் 45 பாகைக்கும், ஆறில் 30 பாகைக்கும் வந்துவிடும். அதற்கு அப்பாலுள்ள மங்கிய பகுதிகள் பக்கத்துப் படத்தின் தெளிந்த பகுதியால் மூடப்படும். உச்சிக்கும் தரைக்கும் தனித்தனிப் படம் எடுத்தால் மேல், கீழ் ஓரங்களுக்கும் இதே நன்மை கிடைக்கும். சற்றுக் குறையுள்ள வில்லையும் இம்முறையில் நல்ல பனோரமா தரும்.

இதனால் வட்டமாகப் பதியும் மீன்கண் வில்லையைவிட, சட்டகம் முழுவதையும் நிரப்பும் மீன்கண் வில்லை விரும்பப்பட்டது. இவ்வகையில் 180 பாகை மூலைக்கு மூலை மட்டுமே இருக்கும். 6000-க்கு 4000 பிக்சல் கொண்ட முழுச்சட்டகக் கேமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 8 மி.மீ. வட்ட மீன்கண் வில்லை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 23 பிக்சல் தரும். முழுப் பனோரமாவின் அகலம் 8,400 பிக்சல் அளவில் இருக்கும். அதே கேமராவில் 15 மி.மீ. மீன்கண் வில்லை பாகைக்கு ஏறத்தாழ 44 பிக்சல் தருவதால் அகலம் 15,700 பிக்சலுக்கு உயரும். கேமராவை நிமிர்த்தி வைத்து, 60 பாகைக்கு ஒன்றாக ஆறு படங்களும் உச்சிக்கு ஒன்றும் தரைக்கு ஒன்றும் எடுப்பது இதற்கான வழக்கமான முறையாயிற்று. 2003-இல் வந்த நிக்கான் 10.5 மி.மீ. வில்லை, சிறிய உணரி கொண்ட கேமராக்களுக்கு இதே வசதியைத் தந்தது. நிறப்பிரிகை குறைந்த தனிவகைக் கண்ணாடி அதில் பயன்பட்டது.

எடுக்கும்போதே முடிவாகும் கூர்மை

மென்பொருள் எவ்வளவு வளர்ந்தாலும் பதியாத விவரத்தை அது உருவாக்குவதில்லை. படமெடுக்கும் இடத்தில் நான்கு செய்திகள் கூர்மையைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது குவியம். மீன்கண் வில்லைக்குக் குவியப்படுத்தவே தேவையில்லை என்பது பிலிம் காலத்து நம்பிக்கை. 0.03 மி.மீ. மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் பழைய அளவுகோலில், 8 மி.மீ. வில்லையை எஃப்/8-இல் வெறும் 27 செ.மீ. தொலைவுக்குக் குவித்தாலே அதற்கப்பாலுள்ள அனைத்தும் தெளிவு எனக் கொள்ளப்பட்டது. 6 மைக்ரான் அகலமுள்ள பிக்சலுக்கு அத்தகைய தாராளம் பொருந்தாது. அதன்படி கணக்கிட்டால் 8 மி.மீ. வில்லையை 1.3 மீட்டருக்கும், 15 மி.மீ. வில்லையை 4.7 மீட்டருக்கும் குவிக்க வேண்டும். தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, எல்லாப் படங்களுக்கும் ஒரே குவியத்தை வைப்பது அவசியம்.

இரண்டாவது துளை அளவு. முழுதாகத் திறந்தால் வில்லையின் பிறழ்ச்சிகள் வெளிப்படும். மிகவும் சுருக்கினால் விளிம்பு விளைவால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் சிறு வட்டாகப் பரவும். அவ்வட்டின் விட்டம் எஃப்/8-இல் ஏறத்தாழ 11 மைக்ரான், எஃப்/22-இல் ஏறத்தாழ 30 மைக்ரான். பிந்தையது ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவும். பெரும்பாலான மீன்கண் வில்லைகள் எஃப்/8-ஐ ஒட்டிய அளவுகளில் சிறப்பாகச் செயல்படுவதற்கு இந்த இரு எதிர்விளைவுகளும் அங்கே சமனாவதே காரணம்.

மூன்றாவது இடமாறு தோற்றம். கேமராவைத் திருப்பும்போது அருகிலுள்ள தூண், தொலைவிலுள்ள சுவரின்மேல் இடம் மாறித் தெரிந்தால், இரு படங்களும் எந்தக் கணக்காலும் பொருந்தா. இணைப்பில் உருவம் இரட்டிக்கும். வில்லைக்குள் ஒளி நுழையும் துளையின் தோற்ற இடத்தை மையமாக வைத்துத் திருப்பினால் இச்சிக்கல் எழாது. அதற்கென முக்காலியின்மேல் பொருத்தும் பனோரமாத் தலைகள் உள்ளன. மீன்கண் வில்லையில் இந்த மையம் நிலையானதன்று. கதிர் சாயும் கோணத்துக்கேற்ப அது முன்னோக்கி நகரும். ஆகவே இணைப்புக் கோடு விழும் கோணத்துக்கு உரிய மையத்தைக் கண்டு பொருத்த வேண்டும். ஆறு படங்கள் எடுப்பவர் 30 பாகைக்கும், நான்கு எடுப்பவர் 45 பாகைக்கும் அதை அமைப்பார்.

நான்காவது அதிர்வு. அறைக்குள் நெடுநேரம் ஒளி விழவிடும்போது விரல் அழுத்தமும், கேமராவின் உட்கண்ணாடி எழும் அதிர்ச்சியும்கூடப் படத்தைக் கலைக்கும். 1962-இன் 8 மி.மீ. வில்லைக்கு உட்கண்ணாடியைத் தூக்கி நிறுத்துவது வேறு வழியில்லாமல் செய்யப்பட்டது. பின்வந்தவர்கள் அதையே கூர்மைக்காக விரும்பிச் செய்தனர்.

மீண்டும் இரண்டு வில்லைகள்

2013-இல் ரிக்கோ நிறுவனம் தீட்டா என்ற சிறு கேமராவை வெளியிட்டது. முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் வில்லைகள்; ஒரே அழுத்தில் முழுக்கோளப் பனோரமா. முக்காலியும் பொறுமையும் தேவையில்லை. இரு படங்களும் ஒரே கணத்தில் பதிவதால் நடமாடும் மனிதர்கள் பாதியாக வெட்டுப்படும் அபாயமும் குறைவு. ஆனால் அதன் பனோரமா 3,584 பிக்சல் அகலம் மட்டுமே. பாகைக்குப் பத்துப் பிக்சல். 2019-இல் வந்த தீட்டா இசட்1, பெரிய உணரிகளுடன் 6,720 பிக்சலை எட்டியது. பாகைக்கு ஏறத்தாழ 19. கூல்பிக்ஸ் காலத்தோடு ஒப்பிட்டால் இது மூன்று மடங்கு. ஆயினும் இணைப்புக் கோடு இன்றும் 90 பாகையில், வட்டத்தின் ஓரத்திலேயே விழுகிறது. வில்லைகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்தாலும் இரண்டுக்கும் மையம் ஒன்றல்ல. அருகிலுள்ள பொருள்கள் அக்கோட்டில் முறிகின்றன.

செய்தி, பயணம், கட்டுமானப் பதிவு போன்ற விரைவு தேவைப்படும் பணிகளுக்கு இக்கேமராக்கள் போதுமானவை. சுவரோவியம், கல்வெட்டு, சிற்பம் நிறைந்த மண்டபம் போன்றவற்றை ஆவணமாக்குவோர் இன்றும் முக்காலியை நிறுத்தி, ஆறும் இரண்டுமாக எட்டுப் படங்களைத் தனித்தனியே எடுக்கின்றனர். மேகத்தின் விளிம்பைப் பிடிக்க ஹில் முயன்றதைப் போலவே, கல்வெட்டின் கடைசி எழுத்தும் படத்தில் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்களின் தேவை.